உச்சுக் கொட்டி விற்ற கல்

நான் வேலை பார்த்த ஈப்போ நகைக்கடையில் இப்போது வைரக் கவுண்டரில் நிற்பவள் புவனா. போன வாரம் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். "அக்கா, நம்ம கடையிலயும் லேப்ல செய்ற வைரம் வந்திருச்சு. கஸ்டமர்லாம் ஒரே கேள்விதான் கேக்குறாங்க, மெஷின்ல செஞ்ச கல்லுக்கு தோஷம் இருக்குமா இருக்காதான்னு. நான் என்னாக்கா சொல்றது?"

பசியாறிக்கொண்டிருந்தேன். தோசையைத் தட்டிலேயே தள்ளி வைத்துவிட்டேன். லேப் வைரம் விலை குறைவு. ஏன் குறைவு என்று யாரும் கேட்கவில்லை. நாளைக்கு விற்கப் போனால் யார் வாங்குவார்கள் என்று கேட்கவில்லை. பட்டை எப்படித் தீட்டியிருக்கிறது என்றும் கேட்கவில்லை. இயந்திரத்துக்குள் வளர்ந்த கல்லுக்கும் ஜாதகம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் கோபம் தணியும் என்று பலரும் சொன்னார்கள். தணியவில்லை. புவனாவுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் ஆகாது, அதனால் எழுதுகிறேன்.

ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். பால்மரம் வெட்டிய கைகள் என் பெற்றோருடையவை. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு ஈப்போவுக்கு வந்து கடையில் சேர்ந்தேன். முதலில் வெள்ளிக் கொலுசு, பிறகு தங்கம், கடைசியில் வைரம். வைரக் கவுண்டரில் என்னை நிறுத்தியபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஓய்வு பெறும் காலம் நெருங்கும்வரை அங்கேதான் நின்றேன். கல் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவசரக்காரர்கள்; பாதியைச் சொல்லிக் கொடுத்தார்கள், மீதியை என் கண்ணே கற்றுக்கொண்டது.

வைரம் பார்ப்பது ஒன்றும் மந்திரவித்தை இல்லை. கடை விளக்குகள் எல்லாம் கல்லுக்குச் சாதகமாக மாட்டப்பட்டவை, அவற்றின் கீழே உடைந்த கண்ணாடியும் மின்னும். முதலில் கல்லை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். வெள்ளைக் காகிதத்தை மடித்து, மடிப்புக்குள் கல்லைத் தலைகீழாக வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மஞ்சள் கலப்பு இருந்தால் அங்கே தெரிந்துவிடும். கொஞ்சம் மஞ்சள் இருந்தாலும் மஞ்சள் தங்கத்தில் பதித்தால் அடங்கிவிடும், அதற்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. அடுத்தது பட்டை. பட்டை சரியில்லாத கல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நடுவில் செத்துக் கிடக்கும். அப்புறம் எடை. நூறு சென்ட் ஒரு காரட். ஐம்பது சென்டைத் தொட்டதும் விலை எகிறும். நாற்பத்தெட்டு சென்ட் கல்லை விரலில் போட்டுக் காட்டினால் இரண்டுக்கும் வித்தியாசம் எந்தச் சம்பந்திக்கும் தெரியாது.

லூப் வருவது கடைசியில்தான். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற சின்னக் கண்ணாடி அது. அதன் வழியே பார்த்தால் பெரும்பாலான கற்களுக்குள் ஒரு கீற்றோ புள்ளியோ மங்கலோ இருக்கும். பூமிக்குள் நெருக்குண்டு பிறந்த பொருளில் அது இல்லாமல் எப்படி இருக்கும்? வெறும் கண்ணுக்குத் தெரியாத புள்ளி கல்லின் விலையைக் குறைக்கும், அழகைக் குறைக்காது. வாங்குகிறவருக்கு அது லாபம்.

நம் ஆட்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார்கள். வந்து உட்கார்ந்ததும் லூப்பைத்தான் கேட்பார்கள். கரும்புள்ளி குடும்பத்துக்கு ஆகாது, சிவப்புப் புள்ளி உயிருக்கு ஆகாது என்பார்கள். அதற்கு மேல் மூன்று ராத்திரி வழக்கம் வேறு. முன்பணம் கட்டிக் கல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூசையறையில் வைப்பார்கள், சிலர் தலையணைக்கு அடியில் வைப்பார்கள். அந்த மூன்று ராத்திரிக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் சரி, கார் டயர் பஞ்சரானாலும் சரி, பழி கல்லின் மேல்தான். நான் வேதக்காரி. என் சபைக்காரர்களும் இதில் இளைத்தவர்கள் இல்லை. அவர்கள் ராசி என்று சொல்ல மாட்டார்கள், "மனசுல சமாதானம் இல்ல சிஸ்டர்" என்பார்கள். எப்படியானாலும் கல் கவுண்டருக்குத் திரும்பி வந்துவிடும்.

இந்தப் பயத்தை வைத்துப் பிழைத்தவர் எங்கள் மேனேஜர் துரைராஜ். அவர் வேலை பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். யாராவது கல்லைத் திருப்பிக் கொண்டுவந்தால் அவர் முகத்தில் சலிப்பே தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைப்பார், குடிக்க ஏதாவது வரவழைப்பார். சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து லூப்பை நிதானமாகத் துடைப்பார். கல்லை இடுக்கியால் பிடித்துத் தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார். பிறகு "ச்ச்" என்று உச்சுக் கொட்டுவார். அதோடு லூப்பைக் கீழே வைத்துவிடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

அது போதும். மீதியை வந்தவர்களே பேசிக்கொள்வார்கள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அம்மா மகனைப் பார்ப்பாள், மகன் தலையைக் குனிவான். அடுத்த அரை மணியில் இன்னும் விலை கூடிய கல்லுக்கு முன்பணம் கட்டிவிட்டுப் போவார்கள். ஒருமுறை என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏண்ணே, அந்தக் கல்லுக்கு என்ன கொற?"

"கொறன்னு நான் சொன்னேனா?"

"உச்சுக் கொட்டுனீங்கல்ல?"

"பல்லுல என்னமோ மாட்டிக்கிச்சு ரோஸி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தப் பல்லை உடைக்க வேண்டும்போல இருந்தது. பொய் சொல்கிறவனைப் பிடித்து நிறுத்திக் கேட்டுவிடலாம். உச்சுக் கொட்டுகிறவனை என்னவென்று கேட்பது?

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு தர்ஷினியும் சரவணனும் மோதிரம் பார்க்க வந்தார்கள். அவள் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை செய்தாள், சொந்த ஊர் பாகான் டத்தோ. அவன் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன், பெற்றோர் சிலிம் ரிவரில் இருந்தார்கள். நிச்சயதார்த்த மோதிரத்தை மாப்பிள்ளையின் அம்மா எடுத்து வருவதுதான் வழக்கம். "போடப்போறவ நீதானே, நீயே எடு" என்று சரவணன் அவளிடம் சொன்னான். எனக்கு அவன்மேல் நல்ல மரியாதை வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

இருவரையும் வாசலுக்கு அழைத்துப்போய்க் காகித மடிப்பில் கல் பார்க்கக் காட்டினேன். கேட்க வேண்டியதையெல்லாம் தர்ஷினி கேட்டாள். நாற்பத்தெட்டு சென்ட் கல் ஒன்றில் அவள் மனம் நின்றது. நல்ல பட்டை, நல்ல வெள்ளை. ஓரத்தில் ஊசிமுனை அளவு ஒரு கரும்புள்ளி, அதை ஒட்டி அரிசி நொய்போல ஒரு வெள்ளைக் கீற்று. மறைக்காமல் லூப்பில் இரண்டையும் காட்டினேன். முன்பக்கமும் பின்பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெறும் கண்ணுல தெரியுதாக்கா?"

"தெரியாது."

"அப்ப இதான். எனக்கும்தான் தாடையில மச்சம் இருக்கு, வேணாம்னா இவரு சொல்லிட்டாரு?"

சரவணன் சிரித்துக்கொண்டே முன்பணம் கட்டினான். கல்லைக் கவ்விப் பிடிக்கிற தங்க நகம் நான்கு வைத்த மோதிரத்தில் பதித்துக் கொடுத்தோம். அம்மா சொன்னார் என்பதற்காக மூன்று ராத்திரிக்கு சிலிம் ரிவருக்குக் கொண்டுபோனான்.

நான்காம் நாள் அம்மாவும் மகனும் கடைக்குள் நுழைந்த தோரணையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. செம்பனைத் தோட்டத்துப் பாதையில், மழையில், சரவணனின் அப்பா மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தார்.

"டயரு மொட்டையா போச்சு, மாத்துங்கன்னு எத்தன தடவ சொன்னேன்" என்றான் சரவணன்.

"வாய மூடுறா. இத்தன வருசமா அதே டயருதானே? இப்ப மட்டும் ஏன் விழுந்தாரு?" என்றார் அந்த அம்மா.

துரைராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டார், கைக்குட்டையை எடுத்தார், லூப்பைத் துடைத்தார், பார்த்தார். "ச்ச்." பிறகு மெல்லக் கேட்டார், "யாரும்மா எடுத்தா இந்தக் கல்ல?"

"வரப்போற பொண்ணு, தம்பி."

இன்னொரு முறை "ச்ச்" என்றார்.

அந்த இரண்டாவது "ச்ச்"தான் என்னால் மன்னிக்க முடியாதது. முதலாவது கல்லின் தலையில் விழுந்தது, இரண்டாவது ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ மூஞ்சியிலயும் ஒரு புள்ளி, கல்லுலயும் ஒரு புள்ளி. வாசப்படி மிதிக்கிறதுக்கு முன்னாடியே எங்க வீட்டு ஆம்பளைய படுக்க வச்சுட்டா" என்றார். நான் குறுக்கே போய், கல்லில் குற்றமில்லை, எல்லா வைரத்திலும் இப்படி ஏதாவது இருக்கும் என்றேன். "நீ விக்கிறவ, வேற என்ன சொல்லுவ?" என்று என் வாயை அடைத்துவிட்டார். சரவணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோலாலம்பூரிலிருந்து சுத்தமான கல் ஒன்று வரவழைத்துத் தருவதாக துரைராஜ் வாக்குக் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் அந்தச் "சுத்தமான கல்" வந்தது. ஆறு நகம் வைத்த புது மோதிரம். தட்டில் வைத்துத் துடைக்கும்போது எனக்குச் சந்தேகம் தட்டியது, மோதிரத்தைக் கவிழ்த்து லூப்பில் பின்பக்கமாகப் பார்த்தேன். அரிசி நொய் அங்கேயே இருந்தது. பக்கத்தில், சாய்த்துப் பிடித்தால், தங்க நகத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு கரும்புள்ளி. கல்லைக் கொஞ்சம் திருப்பிப் புள்ளியின்மேல் நகம் விழும்படி பதிக்கச் சொல்லி பத்தரிடம் கொடுத்து வாங்கியிருக்கிறார் துரைராஜ். நகத்தால் புள்ளியை மறைப்பது தொழிலில் எல்லோரும் செய்வதுதான், சொல்லிவிட்டு விற்றால் அதில் தவறும் இல்லை. இவர் அதே கல்லை, அதே குடும்பத்துக்கு, விலையை ஏற்றி விற்கப் போகிறார். ஆய்வுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால் பின்னால் வருகிறது என்று பதில் தயாராக இருந்தது.

நேரே அவர் மேசைக்குப் போனேன். "அண்ணே, இது என்ன நியாயம்?"

"அவங்களுக்கு மனசு நெறஞ்சிரும். நமக்கு வியாபாரம். யாருக்கு நட்டம் ரோஸி?"

"அந்தப் பொண்ணுக்கு."

"அது அவங்க குடும்ப விசயம்லா. நம்ம ஏன் மூக்க நொழைக்கணும்?"

மூக்கை நுழைத்து, உச்சுக் கொட்டி, ஒரு பெண்ணை விளங்காதவள் ஆக்கியவர் அவர். நுழைக்கக்கூடாதது மட்டும் என் மூக்கு!

அன்று மத்தியானமே சரவணனின் அம்மா வந்து புது மோதிரத்தை வாங்கிக்கொண்டார். "இது ஒத்துக்கிச்சுன்னா சித்தியவான்ல ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கோம்" என்று துரைராஜிடம் சந்தோஷமாகச் சொன்னார். அப்போதே வாயைத் திறந்திருப்பேன். ஆனால் அதைக் கேட்க வேண்டியவள் அங்கே இல்லை. முதல் மோதிரம் எடுத்தபோது தர்ஷினி கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். சித்தியவான் பெண்ணைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"நிச்சயத்த தள்ளி வைக்கணும்னு மட்டும் சொன்னாருக்கா. கொஞ்சம் பொறுத்துக்க, நான் அம்மாகிட்ட பேசுறேன்னாரு" என்றாள். மீதிப் பணம் கட்ட மோதிரத்தோடு அவர்கள் எந்த நாளில் திரும்பி வருவார்கள் என்பதைச் சொல்லிவிட்டு வைத்தேன்.

அந்த நாளும் வந்தது, கடையில் நல்ல கூட்டம். அம்மா வாயெல்லாம் பல்லாக வந்தார். "மூணு ராத்திரியும் நிம்மதியா தூங்குனாரு தம்பி, வலியே இல்லங்குறாரு. கல்லுன்னா இதுதான் கல்லு!" முறிந்த கைக்குக் கட்டுப் போட்டு, மருந்தும் கொடுத்தால் வலி குறையாமல் என்ன செய்யும்? எல்லாம் தன் கைங்கரியம் என்பதுபோல துரைராஜ் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சரவணன் பின்னால் நின்றான். அப்போது காலை ஷிப்டு முடிந்து, வெள்ளைச் சீருடையோடு தர்ஷினி உள்ளே வந்தாள். அவளைப் பார்த்ததும் அம்மாவின் சிரிப்பு மறைந்தது.

அந்த அம்மா தட்டில் வைத்திருந்த மோதிரத்தை எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தேன். "அம்மா, ஆகாதுன்னு நீங்க திருப்பிக் கொடுத்தீங்களே, இது அதே கல்லு. மோதிரம்தான் புதுசு."

"ரோஸி, உள்ள போ" என்றார் துரைராஜ்.

"போறேன்ணே. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ உச்சுக் கொட்டுங்க. அன்னைக்குப் பாத்த அதே கல்லுதானே? கொட்டுங்க பாப்போம்!"

கடையே திரும்பிப் பார்த்தது. அவர் கைக்குட்டையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

தர்ஷினி லூப்பை வாங்கி, மோதிரத்தைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். "இது என் கல்லுதான்" என்றாள்.

இனியாவது அந்த அம்மாவுக்குப் புரியும் என்று நம்பினேன். தோஷமென்று திருப்பிக் கொடுத்த கல்லோடு மூன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள், இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அவரோ பதறிக்கொண்டு கைத்தொலைபேசியை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.

"ஏங்க, நல்லாத்தானே இருக்கீங்க?"

"இருக்கேன்லா. சாப்புட்டுக்கிட்டு இருக்கேன். என்னா?" அந்தப் பக்கக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அலாமா! ரெண்டாந்தடவையும் வீட்டுக்குள்ள வந்திருச்சே" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என்னையும் தர்ஷினியையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ கை பட்ட கல்லு எங்கள விடாது போலிருக்கே."

இருபது வருடம் கண்ணில் லூப்போடு நின்றவள் நான். கண் முன்னால் இருப்பதை இவ்வளவு பிடிவாதமாகப் பார்க்க மறுத்த ஒருவரை அதற்கு முன் கண்டதில்லை.

தர்ஷினி இரண்டடி முன்னால் வந்தாள். லூப்பையும் மோதிரத்தையும் சரவணனிடம் நீட்டினாள். "நீங்க பாருங்க. பாத்துட்டு உங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

அவன் கையை நீட்டவில்லை. அம்மாவைப் பார்த்தான், கடையிலிருந்த கூட்டத்தைப் பார்த்தான். "ச்ச்" என்று உச்சுக் கொட்டினான். "இங்க வச்சு வேணாம்லா தர்ஷி. அம்மா மனசு கஷ்டப்படுது பாரு."

அவள் நீட்டிய கையை உடனே இறக்கவில்லை. அவன் வாங்குவானா என்று நின்று பார்த்தாள். நானும் பார்த்தேன். அவன் வாங்கவே இல்லை.

பிறகு அவள் துரைராஜ் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இந்த மோதிரத்துக்கு பில்லு போடுங்க. என் பேருல. மொதல்ல சொன்ன வெல." சரவணனிடம், "உங்க முன்பணத்த வாங்கிக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். கடை நிறைய ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது துரைராஜால் மறுக்க முடியுமா? பில் போட்டார். அவள் அங்கேயே மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டாள். கதவைத் திறந்து வெளியே போகும்வரை அவள் அழவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அழுததைக் கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். சரவணனும் பார்த்தான்.

மறுநாளே என்னை வெள்ளிக் கவுண்டருக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை கொலுசு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கொலுசை யாரும் பூசையறையில் வைத்துச் சோதிப்பதில்லை. வருத்தம் வேறு. மேனேஜர் இன்னும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருக்கிறார். மெஷின் வைரத்துக்கும் அவர் உச்சுக் கொட்டத்தான் போகிறார், அதை நம்பவும் ஆட்கள் வரத்தான் போகிறார்கள்.

தர்ஷினியைச் சில சமயம் பாசாரில் பார்க்கிறேன். வேலை நேரத்தில் மோதிரம் போடக் கூடாதாம், கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு ஷிப்டு முடிந்ததும் போட்டுக்கொள்வாளாம். போன முறை மீன் வாங்கிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் கையைத் தூக்கி ஆட்டினாள், வெயிலில் கல்லின் ஒளி கண்ணில் அடித்தது. பாகான் டத்தோவில் அவள் அப்பா தினமும் மோட்டார் சைக்கிளில்தான் போய்வருகிறார், ஒரு தடவைகூட விழவில்லை.

ஆகவே புவனா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். லேப் வைரமா பூமி வைரமா என்பதைக் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. வாசல் வெளிச்சத்தில் காட்டு, விலை ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்பதைச் சொல். தோஷம் உண்டா என்று கேட்டால் உச்சுக் கொட்டாதே. லூப்பை நன்றாகத் துடைத்து மாப்பிள்ளையின் கையில் கொடு. அவன் வாங்கிப் பார்த்தால் நல்ல கல்லாக எடுத்துக் கொடு. கையைக் கட்டிக்கொண்டு அம்மா முகத்தைப் பார்த்தான் என்றால், பெண்ணின் பக்கம் திரும்பி, பில் யார் பேரில் போடட்டும் என்று கேள்.